கண்டி மலையில் கடன் வாங்கிய காலைப்பொழுது

கண்டி இராச்சியம் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியருக்கு வசப்படாமல் நின்றதற்கு அதன் சேனையின் பலம் எவ்வளவு காரணமோ, அதன் பாதைகளின் கொடுமையும் அவ்வளவு காரணம். 1594-ல் தந்துறையிலும் 1638-ல் கன்னொறுவையிலும் போர்த்துக்கீசியர் தங்கள் படைகளை இழந்தார்கள். 1765-ல் ஒல்லாந்தர் நகரத்திற்குள் புகுந்தும் அங்கே தரித்திருக்க முடியாமல் திரும்பினார்கள். 1803-ல் ஆங்கிலேயரின் காவற்படை அழிந்துபோயிற்று. அகன்ற வீதி எதையும் வேண்டுமென்றே அமைக்காமல், ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒற்றையடித் தடங்களையும், கணவாய்களில் முள்ளால் அடைத்த வாயில்களையும் வைத்துக்கொண்டு, காட்டையே அரணாக்கிக்கொண்ட அரசர்களின் தந்திரம் இந்தப் படையெடுப்புக்களை எல்லாம் களைக்கச் செய்தது. 1815-ல் கண்டி வீழ்ந்ததுகூடப் பிரதானிகள் தங்கள் அரசனைக் கைவிட்டதனால்தான். நாயக்க வமிசத்தவனாகிய அந்தக் கடைசி அரசன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தான் 1807-ல் அமைத்த ஏரியை விட்டுப் பிரிந்து வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டு, 1832-ல் அங்கேயே உயிர்நீத்தான். அவனுடைய சமாதி பாலாற்றங்கரையில் இன்றும் இருக்கிறது.

நாட்டைப் பிடித்த ஆங்கிலேயர், அதைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமானால் பாதையைத் திருத்த வேண்டும் என்பதை உடனே கண்டுகொண்டார்கள். மலையைத் துளைத்து வழி செய்கிற அந்நியனுக்கே கண்டி அடங்கும் என்று ஓர் ஐதீகம் வழங்கி வந்ததாகச் சொல்வார்கள். கவர்னர் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பிலிருந்து போடப்பட்ட வீதி கடுகண்ணாவையில் ஒரு பாறையைக் குடைந்துகொண்டே சென்றது. அந்த வீதியை அமைத்த பொறியாளர் டாஸனின் ஞாபகமாக அங்கே எழுப்பிய உயர்ந்த ஸ்தூபியைப் பிரயாணிகள் இப்போதும் பார்க்கலாம். 1867-ல் ரயிலும் வந்து சேர்ந்தது. இவ்வாறு இரண்டு தலைமுறைக் காலம் பாடுபட்டு நல்ல பாதைகளைச் செய்து வைத்த பிறகு, அவற்றை விட்டுவிட்டுக் கல்லும் வேரும் சேறும் நிறைந்த பழைய தடங்களைத் தேடிக்கொண்டு, அவற்றின்மேல் இரண்டு சக்கரங்களை உருட்டிச் செல்வதில் ஆனந்தம் காணும் ஒரு விசித்திரமான கூட்டம் உலகத்தில் உண்டாகியிருக்கிறது. மலைச் சைக்கிள்காரர்கள் என்று பெயர்பெற்ற அந்தக் கூட்டத்தின் பிறப்பிடம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் என்ற பிரதேசம். அங்கே 1976-ஆம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, பழைய கனத்த சைக்கிள்களில் சில இளைஞர்கள், இரண்டு மைலுக்குள் 1,300 அடி இறங்கும் ஒரு மண்பாதையில் முதன்முதலாகப் பந்தயம் விட்டார்கள். ஒரு தடவை இறங்குவதற்குள் பின்சக்கரத்துப் பிரேக்கிலிருந்த கிரீஸ் கொதித்துப் புகைந்து போய்விடுமாம். மறுபடியும் கிரீஸ் அடைத்த பிறகே அடுத்த ஓட்டம். இருபதே வருஷத்தில், 1996-ல், அட்லாண்டாவில் அந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் ஏறிவிட்டது.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். உத்தியோகம் வேறு, சைக்கிள் என்பது விடியற்காலைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உரியது. கோவைப் பக்கத்து மலையடிவாரங்களில் நடக்கும் சிறு பந்தயங்களில் கலந்துகொண்டு, முதல்வர்களுக்கும் எனக்கும் நடுவே கௌரவமான தூரத்தைக் காப்பாற்றி வருகிறவன். நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி யாக் அட்டாக் என்ற பந்தயத்தை நடத்தியவர்கள் இலங்கையின் மலைகளிலும் ரம்பிள் இன் த ஜங்கிள் என்று நான்கு நாள் பந்தயம் ஒன்றை நடத்தியதுண்டு. அதன் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, என்றேனும் ஒருநாள் அந்த மலைகளில் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று நெடுநாளாகவே ஒரு சபலம். என் மனைவி கண்டியில் பிறந்து வளர்ந்தவள். சென்ற வருஷம் எங்களுக்குக் குழந்தை பிறந்தது. தவழத் தொடங்கிய பேத்தியை அம்மம்மாவுக்குக் காட்டிவர வேண்டும் என்று அவள் பிரயாணத்திற்கு ஏற்பாடு செய்தபோது, பெட்டிகளோடு பெட்டியாகச் சைக்கிளையும் பிரித்துக் கட்டி எடுத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைக்கு வேண்டிய சாமான்களின் பட்டியல் அவள் கையில் இருந்தது. அதன் அடியில் "சைக்கிள்" என்று அவளே எழுதிச் சேர்த்துக்கொண்டாள்.

கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் ரயில் ரம்புக்கனை வரையில் தென்னந்தோப்புக்களுக்கும் வயல்களுக்கும் நடுவே சமதரையில் ஓடி, அதன் பிறகு மலையை ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கியபடி ஏறத் தொடங்குகிறது. ஒரு பக்கம் பாறைச்சுவர். மறு பக்கம் பள்ளத்தாக்கு. அதற்கப்பால் தட்டையான தலையுடன் பத்தலகல. பிரயாணிகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நானோ அந்தச் சரிவுகளில் தெரிந்த செம்மண் தடங்களை எல்லாம் சைக்கிள்காரனின் கண்ணோடு அளந்துகொண்டிருந்தேன். குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தபடியால் அசையவும் முடியவில்லை.

மாமாவின் வீடு ஹந்தானை வீதியின் அடிவாரத்தில் இருக்கிறது. அவர் தேயிலைத் தோட்டங்களில் டீமேக்கராக முப்பது வருஷத்திற்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர், பேசினால் அளந்து பேசுகிறவர். நான் முற்றத்தில் உட்கார்ந்து சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எவ்வளவு நேரம் போவீங்க, மாப்பிள்ளை?"

"விடியக்காலம் போனா மூணு மணி நேரம், மாமா."

"அந்த மூணு மணி நேரம் பிள்ளை யார்கிட்ட?"

நான் பதில் சொல்லுவதற்குள் அத்தை உள்ளேயிருந்து, "நாங்க இருக்கோம்ல, தம்பி போயிட்டு வரட்டும்" என்றார். மாமா தலையசைத்தார். "போயிட்டு வாங்க. எட்டு மணிக்குள்ள வந்துடுங்க. எட்டு மணிக்கு மேல அவளுக்கும் பசிக்கும், பிள்ளைக்கும் தூக்கம் வரும்" என்றார். அப்படியே ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் இருட்டிலேயே புறப்பட்டேன். ஹந்தானை வீதி வீடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறுகிறது. கீழே நகரமும் ஏரியும், தலதா மாளிகையின் விளக்குகளும் ஒவ்வொரு திருப்பத்திலும் சிறிது சிறிதாகச் சுருங்கின. சுமார் மூன்று மைல் ஏறியதும் தேயிலை அருங்காட்சியகம் வந்தது. 1925-ல் கட்டிய ஹந்தானைத் தொழிற்சாலை நெடுநாள் கைவிடப்பட்டுக் கிடந்து, 2001-ல் இந்த உருவத்தில் மறுபடியும் திறக்கப்பட்டது. அங்கிருந்துதான் பீக்கோ டிரெயில் என்ற நெடும்பாதை ஆரம்பமாகிறது. பழைய தோட்டத்து வழிகளை எல்லாம் கோத்து, முந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில், 22 பகுதிகளாக நுவரெலியா வரையில் அதை வகுத்திருக்கிறார்கள். நடப்பவர்களுக்கென்று ஏற்பட்ட பாதை அது. சைக்கிளில் போகிறவன் எதிரே ஆள் வந்தால் இறங்கி ஒதுங்கி நிற்பதே முறை. முதல் பகுதி உடுவெல வழியாகக் கலஹாவுக்குப் போகிறது. அதற்கும் அப்பால் லூல்கந்துர. ரயில் கண்டிக்கு வந்த அதே 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் முதன்முதலாக வியாபாரத்திற்கென்று தேயிலை பயிரிட்டது அங்கேதான். இரண்டு வருஷத்திற்குள் இலைத்துரு நோய் காப்பிச் செடிகளில் தோன்றி அந்தப் பயிரை நாசம் செய்யத் தொடங்கவே, மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறிற்று.

இந்தத் தடங்களில் சைக்கிள் ஓட்டும் சுகத்தை, ஓட்டாதவர்களுக்கு எடுத்துச் சொல்வது சிரமம். முதல்நாள் மழையில் நனைந்த மண்ணுக்காக டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டேன். ஏற்றத்தில் உடம்பை முன்னே சாய்த்து, பின்சக்கரம் வழுக்காதபடி பாரத்தை அதன்மேலும் வைத்து, ஒவ்வொரு மிதியையும் எண்ணாமல் எண்ணிக்கொண்டு போக வேண்டும். இறக்கத்திலோ, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு விரல் மட்டும் பிரேக்கில் வைத்து, சக்கரத்தின் அடியில் இருக்கிற கல்லைப் பார்க்காமல் பத்து கஜத்திற்கு அப்பால் வரப்போகிற கல்லைப் பார்க்க வேண்டும். வேறு நினைவுக்கு அங்கே இடமே இல்லை. மானாப் புல்லின் மணமும், பைன் மரங்களுக்கு ஊடே காற்று இரைகிற ஓசையும், காலுறையில் அட்டை ஏறிவிட்ட செய்தியும்கூட நின்ற பிறகுதான் புத்திக்கு எட்டுகின்றன. குழந்தை பிறந்த வீட்டில், ஒரு நினைவு முடிவதற்குள் மற்றொரு நினைவு குறுக்கிடுகிற வாழ்க்கைக்குப் பழகிப்போன மனிதனுக்கு, இந்த ஏகாக்கிரதை எவ்வளவு பெரிய வரப்பிரசாதம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏழு மணிக்குச் சற்று முன்னே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை ஒட்டிய வழியில் நான் இறங்கி வந்தபோது, பெண்கள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகிற அவசரம் எல்லோர் நடையிலும் தெரிந்தது. ஒருத்தி இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, சேற்றில் கால் பதியாதபடி கல்லுக்குக் கல் தாவி ஏறி வந்தாள். நான் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றேன். அவள் என்னையும் என் தலைக்கவசத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பிள்ளை மடுவம் இருக்கும் பக்கமாகத் திரும்பிப் போனாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை ஆயம்மாவிடம் விட்டுப்போகிற இடம் அது. நான் எவ்வளவு சாமர்த்தியமாக இறங்கி வந்தேன் என்று மனத்துக்குள் பாராட்டிக்கொண்டிருந்த அதே தடத்தில், கையில் ஒரு பிள்ளையோடு அவள் தினந்தோறும் ஏறுகிறாள். அந்தத் தடம் உண்டானதும் அவளைப் போன்றவர்களின் கால்களினால்தான். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பிரதேசங்களிலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்து, வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் அநேகரைப் பறிகொடுத்து, இந்த மலைகளில் முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் நட்டவர்களின் சந்ததியார் அவர்கள். அந்த வருகையின் இருநூறாவது வருஷத்தை முன்னிட்டு 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் அவர்கள் மறுபடியும் ஒரு முறை நடந்தார்கள்.

எட்டு மணிக்குள் வீடு திரும்பிக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு, அந்தப் பெண்ணைப் பற்றி மாமாவிடம் சொன்னேன். அவர் சட்டம் தெரிந்தவர். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939-ல் பிறந்து, பிறகு பல தடவை திருத்தம் பெற்றது என்றும், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் பாலூட்டுவதற்கு இரண்டு இடைவேளைகள் அதன்படி உண்டு என்றும், பிள்ளைகளை வைத்திருக்க இடம் இருந்தால் அரை மணி, இல்லையானால் ஒரு மணி என்றும் கணக்காக எடுத்துச் சொன்னார். "தகப்பனுக்கு?" என்று கேட்டேன். சிரித்தார்.

"தகப்பனைப் பத்திச் சட்டம் கேட்கலை, மாப்பிள்ளை. நாங்களும் கேட்கலை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி ஸ்டோருக்குப் போவேன். வாடின கொழுந்தை அரைக்க விட்டு, அது பதமா வர்ற வரைக்கும் அங்கேயே நிப்பேன். திரும்பி வந்து தூங்குவேன். என் பிள்ளைங்க நடக்க ஆரம்பிச்சதை நான் பார்க்கலை. கொழுந்து வாடுறதைத்தான் பார்த்தேன்."

அவர் வருத்தத்துடன் சொன்னதாகவும் தோன்றவில்லை. பெருமையாகச் சொன்னதாகவும் தோன்றவில்லை. ஆனால் அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அந்த நிமிஷத்தில் எனக்கு ஸ்பஷ்டமாயிற்று. அவரை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டுபோனது ஜீவனம். என்னை எடுத்துக்கொண்டுபோவது விருப்பம். ஜீவனத்திற்குக் கணக்குக் கேட்பார் இல்லை. விருப்பத்திற்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

அந்தக் கணக்கைச் சுலபமாகத் தீர்த்துவிடலாம் என்று சொல்லும் சாஸ்திரங்களும் இருக்கின்றன. கனடாவில் மக்மாஸ்டர் சர்வகலாசாலையார் 2006-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், இரண்டு வாரத்தில் மொத்தம் இரண்டரை மணி நேரம் மட்டும் உக்கிரமான குறும் பயிற்சி செய்த இளைஞர்களின் தசைகளில், பத்தரை மணி நேரம் நிதானமாகச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு உண்டான மாறுதல்களே ஏறக்குறைய உண்டாயின. இதைப் படித்த நாளில் நான் அடைந்த சந்தோஷத்திற்கு அளவில்லை. ஆனால் ஈரவேரின்மேல் சக்கரம் வழுக்காமல் இறங்கும் வித்தையை அறைக்குள் இருபது நிமிஷம் மிதித்துக் கற்றுக்கொள்ள முடியாது. அதற்கு மலைதான் வேண்டும், நேரமும் வேண்டும். பிலிப்பைன்ஸ் தேசத்துச் சேபு நகரத்தில் 624 ஆடவர்களை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட மற்றொரு முடிவு பந்தயக்காரனுக்கு இன்னும் கசப்பானது: தகப்பனாகிறவனுக்கு ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது, அவர்களிலும், தினம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பராமரிக்கிறவனுக்கு அது மிகவும் தாழ்ந்திருக்கிறது. வேகத்திற்கு நஷ்டம், குழந்தைக்கு லாபம். இயற்கை எந்தப் பக்கம் என்பதில் சந்தேகத்திற்கு இடமில்லை.

சுவிட்ஸர்லாந்தின் நினோ ஷுர்ட்டரை இதற்கு விதிவிலக்காகக் காட்டுவார்கள். அவருடைய மகள் 2015 அக்டோபரில் பிறந்தாள். அவள் முதல் வயதைத் தாண்டுவதற்குள், 2016 ஆகஸ்டில், ரியோவில் அவர் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெற்றார். மறுவருஷம் உலகக் கோப்பையின் ஆறு பந்தயங்களையும் ஒன்றுவிடாமல் ஜயித்தார். ஆயினும் அவருக்குச் சைக்கிளே உத்தியோகமாக இருந்தது. அவர் வெளியே போன நேரம் வீட்டுக்கு அரிசியாகத் திரும்பி வந்தது. என்னைப் போன்றவன் வெளியே போகிற நேரம் சேறு பூசிய துணியாகத் திரும்பி வருகிறது.

இவற்றை எல்லாம்விட என் மனத்தில் தைத்தது, ஜெர்மனியில் தாய்தந்தையரின் நித்திரையைப் பற்றி 2019-ல் வெளிவந்த ஆராய்ச்சி. குழந்தை பிறந்த முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு இரவொன்றுக்கு ஒரு மணி நேரம்போல் தூக்கம் குறைகிறது. தகப்பனுக்குக் கால் மணியளவே குறைகிறது. நித்திரையின் திருப்தி, ஆறு வருஷம் ஆகியும் இருவருக்குமே பழைய நிலைக்கு முழுவதும் வருவதில்லை. கண்டியின் விடியற்குளிரில் அதை நினைத்துப் பார்த்தேன். ஒரே போர்வையின் கீழே படுத்திருக்கும் இருவரில் ஒருவன் அதைத் தன் பக்கம் இழுத்தால், மற்றவருடைய கால் வெளியே வந்தே தீரும். காலையில் எழுந்து போகிறவன், "நான் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை, எல்லோரும் தூங்கும்போதே போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிக்கொள்கிறான். அந்தத் தூக்கம் முந்திய இரவில் யாரால் கெட்டது, அவன் இல்லாத வேளையில் குழந்தை விழித்தால் யாரால் மறுபடியும் கெடும் என்பதை அவன் கேட்பதில்லை. புதிய தகப்பன்மார் பந்தயத்தையும் குடும்பத்தையும் எப்படி ஒத்துப்போகச் செய்வது என்று யோசிக்கும்போதெல்லாம் வாரத்துக்கு எத்தனை மணி என்றே கணக்கிடுகிறார்கள். அந்த மணி யாரிடமிருந்து வருகிறது என்பதே முதற்கேள்வி என்று எனக்குத் தோன்றியது.

அன்று இரவு மனைவியிடம் கேட்டேன்: "உனக்கு ஒரு காலை நேரம் முழுசா கிடைச்சா என்ன பண்ணுவே?"

அவள் யோசிக்கவே இல்லை. "பேராதனைத் தோட்டத்துக்குத் தனியாப் போவேன். யாரும் கூட வரக் கூடாது. நீங்களும்தான்."

அவள் பேராதனைச் சர்வகலாசாலையில் தாவரவியல் படித்தவள். 1942-ல் கொழும்பில் தொடங்கிய இலங்கைச் சர்வகலாசாலை 1952-ல் ஹந்தானை மலையின் அடிவாரத்திற்கு, மகாவலி கங்கைக்கரைக்குக் குடிபெயர்ந்தது. அதற்குச் சமீபத்தில், கங்கை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகும் இடத்தில், 1821-ல் ஏற்பட்ட தாவரத் தோட்டம் இருக்கிறது. மாணவியாக இருந்த நாளில் ஒவ்வொரு மரத்தின் சாஸ்திரப் பெயரையும் நெட்டுருப் போட்டுக்கொண்டு அங்கே சுற்றியவள், குழந்தை பிறந்த பிறகு ஒரு மரத்தின் அடியில் நிதானமாக நின்றதில்லை. அந்த ஆசையை நான் கேட்கும் வரையில் அவள் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

ஆகவே மறுநாள் சைக்கிள் முற்றத்திலேயே நின்றது, அவள் போனாள். அத்தையும் மாமாவும் ஒரு கலியாண வீட்டிற்குப் போய்விட்டபடியால், குழந்தையும் நானும் மட்டும். கீரையும் சோறும் மசித்து ஊட்டினேன். பாதி என் சட்டைமேல் வந்தது. தூக்கம் வருகிற வேளை அவளுடைய காது மடல் சிவப்பதிலிருந்தே தெரியும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். அந்தக் குறியைக் கண்ட உடனே தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிறாள். சற்றுத் தாமதித்தால் ஒரு மணி நேரம் அழுகை. இத்தகைய ஞானத்தைத் தாய் சொல்லித் தகப்பன் அறிவது ஒன்று. அவள் இல்லாத வீட்டில் அவனே அறிவது மற்றொன்று. மத்தியானம் திரும்பி வந்தவளின் முகத்தில் நான் பல மாதமாகப் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. ஹந்தானையின் உச்சியிலிருந்து இறங்கி வரும்போது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதை அவள் ஒருத்திதான் இத்தனை நாளும் பார்த்துவந்திருக்கிறாள்.

கண்டியில் தங்கியிருந்த மிச்ச நாட்களில் நாங்கள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். வாரத்தில் இரண்டு காலை என்னுடையது. இரண்டு காலை அவளுடையது. அவளுடையவற்றில் ஒன்றை நான் பந்தயத்திற்காக அதிகம் எடுத்துக்கொண்டால் அடுத்த வாரத்தில் அதே அளவு திருப்பித் தந்துவிட வேண்டும். இரவில் குழந்தை விழித்தால், மறுநாள் வீட்டில் இருக்கப்போகிறவர் தூங்க, வெளியே போகப்போகிறவர் எழுந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி பயிற்சிக்கு விரோதமானது என்று எந்த ஆசிரியரும் சொல்லுவார். விளையாட்டுக்காரனுக்கு நித்திரையைப் போன்ற மருந்து வேறில்லை. ஆனால் பந்தயத்திற்குப் போகிறவன் அதன் விலையையும் தானே கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய வாதம்; அதற்கு எனக்கு எதிர்வாதம் கிடைக்கவில்லை. நான்கு நாள் பந்தயங்களைச் சில வருஷத்திற்கு மறந்துவிட்டேன். ஒன்றரை மணியில் முடிகிற பந்தயங்கள் இருக்கின்றன; அவற்றில் கடைசியாக வந்தாலும் மத்தியானச் சாப்பாட்டிற்கு வீட்டில் இருக்கலாம்.

ஊர் திரும்பிய பிறகு அப்படி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன். விண்ணப்பத்தில், வாரத்திற்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. ஐந்து என்று எழுதினேன். பக்கத்திலிருந்த மனைவி அதைப் படித்துவிட்டு, தனக்கு வர வேண்டிய ஐந்தையும் நாட்குறிப்பில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள்.